கேஸ் பெட்டிக்கு ஓர் ஓட்டை

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனைக்குப் போகிற சாலையில், எங்கள் உளுந்துக்காட்டின் ஓரமாக ஒரு பாய்மரப் படகு வெகுநாள் நின்றது. கரிசல் வெடித்துக் கிடக்கிற இடத்தில், இரும்புத் தாங்கிகளின் மேல், வெள்ளை வெளேரென்று. மினிபஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். பைக்கில் வருகிறவர்கள் இறங்கி நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். “அண்ணாச்சி, எந்தக் கம்மாயில விடப் போறீய?” என்று கேட்காத ஆள் பாக்கி இல்லை. என் கணவர் சளைக்காமல், “மழ பெய்யட்டும், இங்கனயே விட்டுருவோம்” என்பார்.

அவர் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் கடலில், நான் கோவில்பட்டியில். லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், வாசம் போவதற்குள் மறுபடியும் கட்டுவார். நாம் சேர்ந்து குடும்பம் நடத்தியதைவிட ஏர்போர்ட்டில் நின்றதுதான் அதிகம் என்று நான் குத்திக்காட்டாத நாள் கிடையாது. ஓய்வு பெற்று வந்தவர் கொஞ்ச நாள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு தூத்துக்குடியில் யாரோ ஓட்டாமல் போட்டு வைத்திருந்த பழைய பைபர் படகை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

“அங்கேயே வச்சு வேலை பாக்கக் கூடாதா?” என்றேன். கடற்கரையில் ஈரக்காற்று, அடித்த பெயிண்ட் காயாது, நம்ம ஊர் வெயிலுக்கு ஈடு உண்டா என்றார். தீப்பெட்டிக்காரர்களுக்கு அடுத்தபடியாக எங்கள் ஊர் வெயிலைப் புகழ்ந்த மனிதர் அவர்தான்.

திட்டம் என்னவென்றால், தூத்துக்குடியில் படகை இறக்கி, கன்னியாகுமரியைச் சுற்றி, கொல்லம், கொச்சி, முடிந்தால் கோவா வரைக்கும் கரையை ஒட்டியே போவது. அவசரம் கிடையாது. “இனிமே நான் தனியா எங்கயும் போறதா இல்ல. நீயும் வார” என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. அதை வெளியே காட்டினால் என் மரியாதை என்னாவது? “அங்க சாப்பாட்டுக்கு என்ன வழி?” என்று முறுக்கிக்கொண்டேன்.

பிஸ்கட்டைத் தின்றுகொண்டு கடலை வேடிக்கை பார்க்கிற ஆள் நான் இல்லை. காலையில் காப்பி வேண்டும், சுடச்சுடத் தோசை வேண்டும், பிடித்த மீனை அன்றைக்கே குழம்பு வைக்க வேண்டும். கரண்ட் அடுப்பு என்றால் படகில் இருக்கிற பேட்டரி தாங்காது. மண்ணெண்ணெய் வாடை எனக்கு ஆகாது, தலைவலி வந்துவிடும். மிச்சம் இருந்தது கேஸ். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது.

எங்கப்பா தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எங்கள் குடும்பம் நெருப்பை வைத்துப் பிழைத்தது என்பதைவிட, நெருப்புக்குப் பயந்து பிழைத்தது என்பதுதான் சரி. வீட்டில் கேஸ் கசிந்தால் கதவைத் திறந்து வைக்கலாம். அது காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து வாசல் வழியாக வெளியேறிவிடும். படகுக்குத் தரையோரமாக ஏது வாசல்? அது ஒரு குடம் மாதிரி. வெளியில் இருக்கிற தண்ணீரை உள்ளே விடாது, உள்ளே இறங்கிய கேஸை வெளியே விடாது. அடியில் போய்க் கமுக்கமாகத் தேங்கி நிற்கும். அப்புறம் ஒரு குச்சியை உரசினால் போதும்.

“கேஸுக்கு ஒழுங்கா ஒரு வழி பண்ணுங்க, வாரேன். இல்லேன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க. எனக்கு அது ஒண்ணும் புதுசில்ல” என்றேன். கடைசி வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அன்று சாயந்தரமே தாளும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார்.

அவர் வரைந்தது இதுதான். படகின் பின்பக்கம், உட்காரும் பலகைக்கு அடியில், தனியாக ஒரு பெட்டி. அதற்குள் ஐந்து கிலோ சிலிண்டர்கள் இரண்டு, ஆடாமல் அசையாமல் வார்போட்டுக் கட்டி நிற்கும். ரெகுலேட்டரும் அதற்குள்ளேயே. பெட்டி மேல்பக்கம் மட்டும்தான் திறக்கும், படகின் உட்பக்கத்துக்கு இண்டு இடுக்குகூட இருக்காது. அடுப்புக்குப் போகிற டியூப் நுழைகிற இடத்திலும் ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிடுவார். பெட்டியின் அடியில் ஒரு குழாய். அது சரிவாக இறங்கி, படகின் பக்கச்சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, வெளியே திறக்கும். எங்காவது கசிந்தால் கேஸ் அந்த வழியாகக் கடலுக்குப் போய்விடும்.

பெட்டி செய்கிற வேலையை என் தம்பியிடம் கொடுத்தோம். எட்டயபுரம் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், இரும்பு கேட்டும் கிரில்லும் அடிப்பதில் கெட்டிக்காரன். அவர் கடலில் இருந்த காலத்தில் எனக்கு எல்லாமே இவன்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியது, காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது, காலியான சிலிண்டருக்குப் பதில் சிலிண்டர் கொண்டுவந்து மாட்டியது வரைக்கும். ஆனால் படகு விஷயம் அவனுக்கு ரசிக்கவில்லை. தூத்துக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போனால்கூடச் சாப்பிட்டதும் பஸ் ஏறிவிடுகிற ஆள். கடல் என்றாலே அவனுக்குப் பயம்.

இருந்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. துரு ஏறாத எவர்சில்வர் தகட்டில், பற்றவைத்த இடமே தெரியாமல் பெட்டியை முடித்துக் கொண்டுவந்தான். மூடியைப் பார்த்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காம்பவுண்டு கேட்டுக்கு வைப்பதுபோல நடுவில் ஒரு தாமரைப்பூ வைத்திருந்தான். “கேஸ் பெட்டிக்கு எதுக்குலே பூ?” என்றால், “வெறும் தகடா இருந்தா நல்லாவா இருக்கும்?” என்கிறான். அதை எடுத்துவிடு என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

படகில் ஓட்டை போடுகிற அன்றைக்குத்தான் முகம் சுண்டிப் போனான். “அத்தான், நல்லாருக்க படகுல ஓட்டை போடச் சொல்லுதீங்களே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவர் கப்பல் பாஷையில் டிரெயின், வென்ட் என்று நீளமாக விளக்கினார். இவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பிறகு ஊசி போட்டுக்கொள்கிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு டிரில்லை வைத்து அழுத்தினான்.

அதற்கப்புறம் பாய் வந்தது, கயிறு வந்தது, ஆடினாலும் சட்டி கவிழாமல் கூடவே ஆடுகிற அடுப்பு வந்தது. அதை என்னிடம் காட்டுவதற்காக அவர் தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தார். படகை மறுபடி தூத்துக்குடிக்குக் கொண்டுபோக லாரிக்கும் சொல்லியாகிவிட்டது. கடைசியாக டியூப் மாட்டிய இடத்திலெல்லாம் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார், ஒரு குமிழிகூட வரவில்லை. “போதுமா?” என்றார். எனக்குப் போதவில்லை.

“கேஸ் தண்ணி மாதிரி கீழதான் எறங்கும்னு சொன்னீங்கள்ல? அப்ப தண்ணியவே ஊத்திப் பாப்போம். தண்ணி போற வழியிலதான கேஸும் போகும்?”

அவர் என்னைப் படகில் ஏறச் சொல்லிவிட்டு, ஒரு குடம் தண்ணீரை ஏணி வழியாக மேலே ஏற்றிக் கொடுத்தார். சோதனைக்கு மாட்டிய சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கழற்றி வெளியே வைத்தாயிற்று, பெட்டி காலியாகத்தான் இருந்தது. வெளியேறுகிற தண்ணீரை வீணாக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. அதனால் அவர் கீழே குழாய் வாய் இருந்த இடத்துக்கு உத்தேசமாக வாளியைப் பிடித்து, என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஊத்து!” என்றார்.

“ஊத்திட்டேன்!”

“ஒண்ணும் வரலயே!”

“முக்காக் குடம் ஊத்திட்டேங்க! பெட்டியில அப்படியே நிக்கி!”

வாளியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கப்பலில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய மனிதரின் குரல் மாதிரியே இல்லை அது. “ஏட்டி, ஓட்டையக் காணோம்!”

இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். நிஜமாகவே காணோம். பக்கச்சுவர் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. விரலால் தடவியபோது ஒரு இடம் மட்டும் லேசாகப் புடைத்திருந்தது. பைபர் பசையை வைத்து அடைத்து, தேய்த்து, மேலே பெயிண்ட்டும் அடித்திருந்தார்கள். இவ்வளவு சுத்தமாக வேலை பார்க்கிறவன் எங்கள் வட்டாரத்தில் ஒருவன்தான். போன் போட்டு, “கெளம்பி வாலே” என்று மட்டும் சொன்னேன்.

வந்தான். வண்டியை விட்டு இறங்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“நான்தான் அடைச்சேன். நீங்க நாகலாபுரம் கல்யாணத்துக்குப் போனீங்கள்ல, அன்னைக்கு” என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கொட்டித் தீர்த்தான். “பாய் கட்டுனா படகு ஒருபக்கமா சாயும்னு அத்தான் சொன்னாங்க. சாஞ்சா அந்த ஓட்டை தண்ணிக்குள்ள போயிராதா? என் கையாலயே ஓட்டையைப் போட்டு உன்னக் கடல்ல ஏத்திவிடச் சொல்லுதியா? ஒனக்கு நீச்சல்கூடத் தெரியாதேக்கா!”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அடைச்சா கேஸ் எங்கலே போகும்? பெட்டி நெறஞ்சு, மூடி இடுக்கு வழியா வழிஞ்சு, படிக்கட்டுல உள்ள எறங்கும். அடியில போயி தேங்கி நிக்கும். காலைல நான் காப்பி போட எந்திரிச்சு தீக்குச்சிய உரசுவேன்.”

மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனும் அதே தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைதான். அவன் முகம் வெளுத்துப்போனது. வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கட்டாந்தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. சொல்லப்போனால் சந்தோஷமாக இருந்தது. நான் முங்கிவிடக் கூடாதே என்று ஒருத்தன் ஆள் இல்லாத நேரம் பார்த்து, வெயிலில் நின்று, அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறான். இத்தனை பிரியத்தை இவன் எங்கே ஒளித்து வைத்திருந்தான்? நான் போய்விட்டால், எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, “யக்கா, என்ன வேணும்?” என்று அவன் கேட்பதற்கு வீட்டில் ஆள் இருக்காது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் அவன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். இந்தத் தடவை கப்பல் பாஷை இல்லை. “மாப்ள, படகு சாஞ்சா அந்த ஓட்டை வழியா தண்ணி வரத்தான் செய்யும். எதுக்குள்ள வரும்? பெட்டிக்குள்ள. பெட்டியில இருந்து படகுக்குள்ள எறங்க எங்கனயாவது வழி இருக்கா? நீ பத்தவச்ச பெட்டிதானே அது. ஒன் வெல்டிங்குல ஒழுகுமா?”

“என் வெல்டிங்கா?” தம்பி சட்டென்று நிமிர்ந்தான். “ஒழுகவா?”

“அப்ப நிமிந்ததும் வந்த தண்ணி வந்த வழியே எறங்கிப் போயிரும். அவ்வளவுதான்.”

அவன் எழுந்து மேலே ஏறினான். பெட்டியில் நின்ற தண்ணீரை எட்டிப் பார்த்தான். பெட்டியின் வெளிப்பக்கம் ஓரங்களைச் சுற்றி அடியில் கையைவிட்டுத் தடவிப் பார்த்தான், ஒரு பொட்டு ஈரம் இல்லை. இறங்கி வந்து பேட்டரி டிரில்லை எடுத்தான். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பசை விட்டதும் தண்ணீர் பீறிட்டு அவன் நெஞ்சிலும் மூஞ்சியிலும் அடித்தது. வாளியை நீட்டப் போன என் கணவரும் நனைந்தார். சாலையில் பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, “என்ன அண்ணாச்சி, படகுக்குள்ள இருந்துல்லா தண்ணி வருது!” என்று கத்த, மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். பெட்டி துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. இனி சொல்ல எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

கீழே தம்பி, ஈரச்சட்டையோடு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுத் திருப்பிக்கொண்டிருந்தான்.

“யக்கா, இன்னும் கொஞ்சம் பெருசாக்கட்டுமா?”

“போதும் மாப்ள, அளவு பாத்துத்தான் போட்டுருக்கோம்” என்றார் அவர்.

“நீங்க சும்மா இருங்க அத்தான். எங்கக்கா போற படகு” என்றான்.

அதுவரைக்கும் அவன் அதை அத்தான் படகு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். “போட்டுக்கோலே” என்று மேலேயிருந்து சொன்னேன்.