உச்சியிலிருந்து அடி

ஒட்னிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வடகோடிப் பனிக்கடலோரத்துப் போட்ஸ்ஃபியோர்ட் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொட்டகையில் தூண்டிலுக்கு இரை கோக்கும்போதும் அவள் வாய் ஓயாது. ஏன் ஓய வேண்டும்? அவள் புருஷன் போன படகு பாறையில் மோதவில்லை. தெறித்த கடல்நீர் கொடிமரத்திலும் கூரையிலும் உறைந்து, மேல்பாரம் ஏறிக் குப்புறக் கவிழ்ந்தது. மீன் பிடிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பனியை அடித்து உதிர்த்திருந்தால் அத்தனை பேரும் வீடு வந்திருப்பார்கள்.

அதற்கப்புறமும் ஊருக்குப் புத்தி வரவில்லை. எவன் படகில் அதிகப் பனிக்கட்டியோ அவனே வீரன். கரையில் நிற்பவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள்.

அந்தப் பிப்ரவரி மதியம் கொழுந்தன் எய்லர்ட்டின் படகு, வெள்ளை வெளேரென்று ஒருபக்கம் சாய்ந்தபடி வந்து சேர்ந்தது. மேல்தளத்தில் அவள் ஒரே மகன் யோஸ்டைன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒட்னி இரையை அப்படியே போட்டுவிட்டுப் படகடிக்கு வந்தாள்.

“பாத்தீங்களா அண்ணி! இவ்ளோ பாரத்தோட கொண்டாந்து சேத்துட்டேன்ல?”

“கிழிச்ச! பனி ஒடைக்கிற கொட்டாப்புளி எங்கடா?”

“மொதல்ல காபி குடிப்போம். நாளைக்குக் கெளம்பறப்ப அடிச்சுக்கலாம். மீன் கொட்டுது, அத விட்டுட்டுப் பனியக் கொத்திக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?”

“ஒங்கண்ணனும் இதையேதான் சொல்லியிருப்பான்.”

அவளே மரக் கொட்டாப்புளியைத் தேடி எடுத்துக்கொண்டு படகின் கூரைமேல் ஏறினாள்.

“அம்மா, எல்லாரும் பாக்குறாங்க. மானத்த வாங்காத.”

“நல்லாப் பாக்கட்டும்!”

மேல்பாரம் முதலில் இறங்க வேண்டும் என்று, கைக்கு எட்டிய உச்சியிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். கூரை ஓரம் இருந்த பெரிய கட்டி உடைந்ததும் உள்ளே உயிர்காப்புத் தெப்பத்தை மடித்து வைத்திருந்த பீப்பாய் தெரிந்தது. அதைக் கட்டியிருந்த வாரும் கொக்கியும் கூரையோடு ஒரே பாளமாக உறைந்து கிடந்தன.

“இங்க வாடா. இத இழு.”

யோஸ்டைன் ஒரு கையால் இழுத்தான். பிறகு காலை ஊன்றி இரு கையாலும் இழுத்தான். அசையவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு செத்தது.

“படகு தண்ணிக்குள்ள போனா அந்தக் கொக்கி தானா அவுந்துக்கும் அண்ணி” என்றான் எய்லர்ட், குரல் இறங்கி.

“அத இந்தப் பனிக்கட்டிகிட்ட சொல்லிட்டியா?”

கரையில் போன்கள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின. யோஸ்டைன் பீப்பாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அம்மா, அப்பா படகுலயும் தெப்பம் இருந்துச்சா?”

“இருந்துச்சு. முக்குளிச்சுப் பாத்தவங்க சொன்னாங்க. கூரையில கட்டினது கட்டினபடியே இருந்துச்சாம்.”

அவன் இன்னொரு கொட்டாப்புளியை எடுத்தான். கூரையைவிட்டு, அவள் கைக்கு எட்டாத கொடிமரத்தின் உச்சிக்கு ஏறினான்.