அப்பாவின் எண்

எங்கள் தெருவைத் தொழிற்பேட்டைக்காக எடுக்கப்போகிறார்கள் என்பது பழைய செய்தி. பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி இருக்கும் எங்கள் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசுவதைக்கூட நிறுத்திவிட்டிருந்தோம். புதிதாக வந்தது ஒரு பட்டியல். எந்த வீட்டில் யார் யார் உண்மையாகக் குடியிருக்கிறார்கள் என்று எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதில் இருப்பவர்களுக்குத்தான் மாற்று மனை.

எங்கள் வீட்டு எண்ணுக்கு நேரே குடியிருப்பவர்களாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒன்று அம்மா. இன்னொன்று அப்பா. என் பெயருக்கு எதிரே ‘வசிக்கவில்லை’ என்று இருந்தது.

அப்பா இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

கணக்கெடுக்க யாரும் வீட்டுக்கு வந்ததாக நினைவில்லை. அம்மாவைக் கேட்டேன். அவளுக்கும் இல்லை. “தப்பா அடிச்சிருப்பாங்க. போய் சொல்லிட்டு வா” என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலை அவளுக்கு. நான் வல்லம் வடகாலில், கார்களுக்கான ஒயர் செட்டுகளைச் சோதித்து அனுப்பும் இடத்தில் இருக்கிறேன். ஒன்றரை வருஷமாக நைட் ஷிஃப்ட் மட்டும்.

ஆட்சேபம் சொல்வதற்கு ஒரகடத்தில் ஒரு மாடியில் தற்காலிக ஆபீஸ் போட்டிருந்தார்கள். ரேஷன் கார்டையும் அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த அலுவலருக்கு என் வயதுதான் இருக்கும், மரியாதையாகப் பேசினார். என் போன் எண்ணைத் தட்டிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிற வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

“மேடம், உங்க நம்பர் ராத்திரி முழுக்க வல்லம் வடகால்ல இருக்கு. ராத்திரி எங்க இருக்குதோ அதான் வீடுன்னு சிஸ்டம் எடுத்துக்கும்.”

“நான் நைட் ஷிஃப்ட் சார். லைனுக்குள்ள போன் எடுத்துட்டுப் போக விடமாட்டாங்க. லாக்கர்லதான் கிடக்கும்.”

“அது சிஸ்டத்துக்குத் தெரியாதே.”

“என் போன் எங்க இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாங்க ஒண்ணும் எடுக்கல மேடம். போன் கம்பெனி விக்குது, எங்க டிபார்ட்மென்ட் வாங்குது. எந்த நம்பர் எந்த நேரத்துல எங்க இருந்துதுன்னு மொத்தமா வந்துடும். ரேஷன் கார்டுல நீங்க குடுத்த நம்பரோட சேர்த்துப் பாக்குறோம். அவ்ளோதான்.”

அந்த ‘அவ்ளோதான்’ எனக்கு இப்போதும் கேட்கிறது. அதற்குள் அவர் அப்பாவின் எண்ணையும் தட்டிவிட்டார்.

“உங்க அப்பா பரவால்ல மேடம், நல்லா நடக்குறாரு. டெய்லி காலைல அஞ்சே முக்காலுக்குக் கிளம்புறாரு. ஏரிக்கரை மேலயே போயி, இந்தக் கம்பெனி காம்பவுண்டு பின்பக்கம் ஒரு இருபது நிமிஷம் நிக்குறாரு. திரும்ப வீட்டுக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு.”

அந்தக் காம்பவுண்டுக்கு உள்ளே இருப்பது ஒரு காலத்தில் எங்கள் நிலம். அது நிலமாக இருந்தபோது அப்பா தண்ணீர் பார்க்கப் போவார். விற்று, சுவர் எழும்பி, உள்ளே கொட்டகைகள் வந்த பிறகும் அதே நேரத்துக்குக் கிளம்பிப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்புவார். எந்தக் காகிதத்திலும் இல்லாத விஷயம் அது. எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்தது. அந்த வழியைத்தான் பச்சைப் புள்ளி வளைவு பிசகாமல் காட்டிக்கொண்டிருந்தது.

“இது எப்ப எடுத்தது சார்?”

“போன வாரம் வரைக்கும் இருக்கு.”

சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் தேதியைப் படித்தார். திரையைப் பார்த்தார். மறுபடி தேதியைப் படித்தார். மௌஸில் இருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

“அப்ப யாரு மேடம் நடக்குறது?”

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது என் போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அணைத்ததுகூட எங்கேயோ பதிவாகியிருக்கும் என்று தோன்ற, மறுபடி போட்டேன்.

அப்பாவின் போன் டிவி பக்கத்தில், வழக்கமாக இருக்கும் இடத்தில்தான் இருந்தது. காஸ் புக்கிங்குக்கு அந்த எண்ணில்தான் ஓடிபி வரும் என்பதால் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். மற்ற நேரத்தில் அணைந்து கிடக்கும் என்று நினைத்திருந்தேன். தொட்டுப் பார்த்தேன். சார்ஜ் முழுதாக இருந்தது.

போன் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தேன். அப்பா எண்ணின் விவரங்களை யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டதற்கு, எதிர்முனையில் ஒரு பெண், சிம் வாங்கும்போதே சம்மதம் தந்திருப்பார் என்றாள். மேற்கொண்டு தெரிய வேண்டுமென்றால், “வாடிக்கையாளரையே லைனில் வரச் சொல்லுங்கள்.” அவர் இறந்துவிட்டார் என்றேன். “மன்னிக்கவும், அவர் பேசினால்தான் சொல்ல முடியும்” என்றாள்.

அம்மாவைக் கேட்டிருக்கலாம். ஏனோ வாய் வரவில்லை. அடுத்த நாள் சூப்பர்வைசரிடம் பர்மிஷன் வாங்கி ஒரு மணி நேரம் முன்பே கிளம்பி, விடியும் நேரத்துக்குக் காம்பவுண்டின் பின்பக்கம் போய் நின்றேன். ஏரிக்கரையில் பனி இறங்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் கரைமேல் வந்தது. நடை அப்பாவுடையது மாதிரியே இருந்தது; வரப்பில் நடந்து பழகியவர்கள் காலை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது போல. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அருகில் வந்த பிறகுதான் புடவை தெரிந்தது.

என்னைப் பார்த்து அம்மாதான் அதிகம் பயந்தாள். “இன்னாடி இங்க நின்னுகினு கீற?”

“நீ இன்னா பண்ற?”

அவள் கையில் அப்பாவின் போன். டார்ச்சை அணைத்தாள். “என் போன்ல வெளிச்சமே இல்ல. அதான் இத எடுத்தாருவேன்.”

“தினமும் எதுக்கு இங்க வர?”

சுவரைப் பார்த்தபடி சொன்னாள். “வூட்ல டவரு ஒரு கோடு வந்தா பெருசு, அதுவும் வந்து வந்து போவுது. இங்கதான் நாலு கோடும் வருது. டவர் காட்டாத நம்பர கட் பண்ணிடுவாங்கன்னு போன் கடைல சொன்னான். கட் பண்ணா வேற யாருக்காவது குடுத்துடுவாங்களாம். அப்புறம் அந்த நம்பர்ல எவனோ எடுத்து அலோன்னுவான்.” பிறகு, “ஞாயித்துக்கிழமை நீ வூட்ல இருப்ப. கேப்பன்னு வரதில்ல” என்றாள்.

திரையில் பார்த்ததைச் சொன்னேன். விற்பது, வாங்குவது, பச்சைப் புள்ளி எல்லாவற்றையும். அவளுக்கு நம்புவதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. “அப்போ இவ்ளோ நாளா எவனோ என் பின்னாடியே வந்துகினு இருந்தானா?” என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு நடக்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அன்றோடு அவள் போவது நின்றுவிட்டது.

நான் எழுத்துமூலம் மனு கொடுத்தேன். எங்கள் ஊரில் நைட் ஷிஃப்ட் போகிற எல்லோருக்கும் இதே கதிதான், எல்லோரும் கொடுத்தார்கள். மனுவை வாங்கிக்கொண்ட அதே அலுவலர் குரலைத் தாழ்த்தி, “மூணு மாசத்துல மறுபடி டேட்டா வாங்குவாங்க. அதுவரைக்கும் போனை வீட்டுலயே வெச்சிட்டு வேலைக்குப் போங்க மேடம்” என்றார்.

அப்படியே செய்தோம். பக்கத்து வீட்டுப் பெண் தன் போனைத் தலையணைமேல் வைத்து, வீட்டைப் பூட்டிவிட்டு வருவாள். கம்பெனி பஸ்ஸில் யார் கையிலும் போன் இல்லை. எங்கள் தெருவில் போன்கள் மட்டும் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்க, நாங்கள் எங்கேயும் வசிக்காதவர்களாகப் போய் வந்தோம்.

அம்மா நடப்பதை நிறுத்தி மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிறு மதியம் அப்பாவின் போன் அடித்தது. டவர் எப்படிக் கிடைத்ததோ தெரியவில்லை. அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“சரிபார்ப்புப் பிரிவுலேர்ந்து பேசுறோம்மா. இந்த நம்பர்காரர் கொஞ்ச நாளா வெளியவே போகலன்னு காட்டுது. ஊர்ல இருக்காரா?”

“அவரு இல்ல” என்றாள் அம்மா.

“எப்ப வருவாரு?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் எழுந்துபோய் அழைப்பைத் துண்டித்தேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழின் நகல் என் மனுவோடு அவர்களிடமே இருந்தது.

இரண்டாவது பட்டியல் ஒட்டியபோது நான் அதில் இருந்தேன். நைட் ஷிஃப்ட் ஆட்கள் அநேகமாக எல்லோரும் இருந்தார்கள். அப்பாவின் பெயரையும் அடித்துவிடவில்லை. எதிரே ‘இடம்பெயர்ந்தவர்’ என்று மாற்றியிருந்தார்கள். அம்மா விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“எந்த ஊருக்குப் போனாருன்னு போட்டுகீறாங்களா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். பின்னால் நின்றவர்கள் தங்கள் பெயரைத் தேட முண்டிக்கொண்டு வந்ததால் நாங்கள் வழிவிட்டு நகர்ந்தோம்.