இறுக்காத நட்டு

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள். நடுவில் ஓர் ஆள் வேண்டும். ஒன்பது வயதில் அந்த ஆள் நான். லிங்கராஜபுரத்தில் எங்களுடையது ஒரு ஹால், ஓர் அறை மட்டும் உள்ள வாடகை வீடு. அறையில் தும்மினால் ஹாலில் கேட்கும். இருந்தும் சேதி கொண்டுபோக நான்தான் நடக்கவேண்டும். தலையெழுத்து.

அப்பா கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் பூசையில் நான் ஒரு சரணம் தனியாகப் பாடுவதாக ஏற்பாடு. தெருவில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அப்புறம்தான் ஒத்திகையில் யாரோ கிட்டார் ஒயரை மிதிக்க, ஸ்பீக்கர் ‘கர்’ரென்று ஒருமுறை கத்திவிட்டு ஊமையானது. கிட்டாரின் விலாவில் பிரீஆம்ப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். கம்பியின் சத்தத்தை ஸ்பீக்கருக்குத் தூக்கிக் கொடுப்பது அதுதான். அதன் போர்டில் ஒயரைப் பற்றவைத்திருந்த ஈயம், சால்டர் என்பார்கள், விட்டுப்போயிருந்தது. கடைக்காரர் பெட்டியையே மாற்றவேண்டும், பொங்கல் கழித்து வாருங்கள் என்றுவிட்டார்.

“எந்தம்பி பீன்யா கம்பெனியில நாள் பூரா இந்த வேலைதான் செய்றான்” என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

மாமா தன் கம்பெனியில் வேலை பார்த்த ஒரு கன்னடப் பெண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்திருந்தார். கோயிலில் நடக்காத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அப்பா முறுக்கிக்கொள்ள, அன்றோடு மாமா எங்கள் வாசல் மிதிப்பதை விட்டுவிட்டார். அம்மாவுக்கு இருப்பது அந்த ஒரு தம்பிதான். இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்த கதை. அப்போது தெரிந்தது, மாமா பேச்சை எடுத்தால் அம்மா மூக்கை உறிஞ்சுவாள் என்பது மட்டும்.

அம்மா போன் போட்டாள். ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பினால், மாமா பையோடு வாசலில் நின்றார். அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். மாமா ஹாலில் சாக்கை விரித்து, கிட்டாரைக் குழந்தையைப் போல மடியில் கிடத்தி, பெட்டியை உருவினார். ஒயர் பிய்ந்த இடத்தில் போர்டின் செம்புப் பூச்சும் உரிந்து வந்திருந்தது. மாமா பிளேடால் பக்கத்துப் பச்சைப் பூச்சைச் செம்பு தெரியச் சுரண்டி, மயிரிழை மாதிரி ஒரு செம்புக் கம்பியை வைத்து, சால்டர் குச்சியால் தொட்டார். ஈயம் பளபளவென்று உட்கார்ந்தது.

“எப்ப முடியும்னு உங்க மாமாவக் கேளு” என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“அவசரப்பட்டா அப்புறம் வாசிக்க முடியாதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு.”

இரண்டு பேருக்கும் இரண்டு காது. சொன்னது இரண்டு பேருக்கும் கேட்டாயிற்று. ஆனாலும் நான் எழுந்து போய்ச் சொல்லித் தொலைக்கவேண்டும். மாமா வெறும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த வாரமே கிட்டார் மறுபடி ஊமை. எனக்கு அழுகையே வந்தது. மாமா வந்தார், பற்றவைத்தார். கிட்டாரின் அடியில் ஒயர் சொருகும் சாக்கெட்டைக் காட்டி, “இந்த நட்டு லூஸா இருந்தா, சொருகும்போதெல்லாம் சாக்கெட்டும் கூடவே சுத்தும். உள்ள ஒயர் முறுக்கிக்கிட்டு சால்டர் பிச்சுக்கும். அவ்ளோதான் வியாதி” என்றார். அன்று சாப்பிட உட்கார்ந்தார். “உங்க மாமாவுக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி போடச் சொல்லு” என்றார் அப்பா, ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு, என்னிடம். அம்மா அடுப்படிக்குப் போய் மூக்கை உறிஞ்சினாள்.

மூன்றாவது முறையும் அறுந்தது. மாமா வேலையை முடித்து எல்லாவற்றையும் பைக்குள் போடும்போது சாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஆடியது.

“மாமா, நட்டு லூஸு.”

“இருக்கட்டும்டி.”

“அதனாலதான் பிச்சுக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“இருக்கட்டும்னா விடேன்” என்று என் கன்னத்தைக் கிள்ளினார்.

இப்படியும் ஒரு ரிப்பேர்காரர் உண்டா? கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. யாருக்காவது என் பாட்டைப் பற்றிக் கவலை இருந்ததா? அன்று சாயங்காலமே கீழ்வீட்டு மெக்கானிக் அங்கிளிடம் ஸ்பானர் வாங்கி, முழங்காலில் கிட்டாரை அழுத்திக்கொண்டு, மூச்சு முட்ட அந்த நட்டை இறுக்கினேன். அந்த வாரம் முழுக்கக் கிட்டார் கணீரென்று பாடியது. நானே பொறுப்பேற்றால்தான் இந்த வீட்டில் எதுவும் உருப்படும் என்று ஸ்பானரைத் திருப்பிக்கூடக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, அம்மா அடுப்படியில், அப்பா குளியலறையில். கேட்டில் மாமா. கூடவே மல்லிகைப்பூ வைத்த ஓர் அக்கா, கையில் எவர்சில்வர் டப்பாவோடு, மாமாவின் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார்.

“கிட்டார் நல்லா இருக்கு மாமா. நட்ட நான் இறுக்கிட்டேன். இனிமே நீங்க வரவே வேணாம்” என்றேன் பெருமையாக.

மாமா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அந்த அக்கா அவர் சட்டையைத் தொட்டு, “பரவாகில்ல, இன்னொந்து தின பரோணா” என்று கன்னடத்தில் சொன்னார். இன்னொரு நாள் வரலாமாம். போகும்போது டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

“யாருடி அது?” என்று அம்மா வந்தாள்.

“மாமா. ஒரு அக்காவும் வந்தாங்க. வேலை ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டேன்.”

நங்கென்று தலையில் ஒரு குட்டு. குட்டியது அம்மா, அழுததும் அம்மாவே. அவள் போட்ட போனை மாமா எடுக்கவில்லை. தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்த அப்பா, அம்மாவைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். “ஸ்பானர் எங்க?” என்றார்.

நான் இறுக்கிய இறுக்கில் நட்டு அசையவில்லை. அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தளர்த்தினார். சாக்கெட்டைப் பிடித்துத் திருகு திருகென்று திருகினார். உள்ளே ‘டிக்’ என்று ஒயர் விட்டது.

“ஓடு. பஸ் ஏர்றதுக்குள்ள மச்சானக் கூப்பிடு. கிட்டார் மறுபடியும் போச்சுன்னு சொல்லு. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு.”

“நீங்கதானப்பா ஒடச்சீங்க!”

“ஓடுடி.”

தலை இன்னும் வலித்தது. என் சரணம் நாசமாய்ப் போயிற்று. பாடிக்கொண்டிருந்த கிட்டாரைத் தன் கையாலேயே உடைத்துவிட்டு ரிப்பேருக்கு ஆள் அனுப்புகிற குடும்பத்தில் வந்து பிறந்தேனே என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினேன்.