காதுக்குள் இருந்த எலும்பு

என் பிள்ளை வலியில் கூப்பிட்டது எனக்குக் கேட்காமல் போனதிலிருந்து இந்தச் சாட்சியைத் தொடங்குகிறேன்.

நான் மலேசியாவில், மலாக்கா பக்கம் பாச்சாங்கில் வசிக்கிறேன். பிறவியிலேயே எனக்கு எளிதில் உடைகிற எலும்பு. ஆறு வயது மகள் ஜாய்சுக்கும் அப்படித்தான். போன வருடம் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலையில், அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்து கிடந்தாள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான ஆயர் குரோவில் இரவு வேலை முடிந்து வந்த என் கணவர், வாசலிலேயே அழுகையைக் கேட்டு உள்ளே ஓடினார்.

“ரொம்ப நேரமா கூப்பிட்டேன்மா,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

சில வருடங்களாகவே காது மந்தம். அழுக்கு சேர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து, ஆண்டவரே, இவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும் என்று மட்டும் ஜெபித்தேன்.

ஜாய்சுக்குக் கட்டுப் போட்ட டாக்டரிடம் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டாம் முறை சொல்லச் சொன்னேன். அவர் அதைக் கவனித்து, என்னைக் காது டாக்டரிடம் அனுப்பினார். அந்தக் காது டாக்டர் தமிழ்ப் பெண். என் எலும்பு எத்தனை முறை உடைந்திருக்கிறது என்றுதான் முதலில் விசாரித்தார். காதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றேன்.

“காதுக்குள்ளயும் எலும்பு இருக்குலா, அக்கா.”

அரிசியைவிடச் சின்ன எலும்பாம். அது அசைந்தால்தான் சத்தம் உள்ளே போகுமாம். எனக்கு அது இறுகிப்போயிருந்தது. பயத்தை மறந்து, படம் வரைந்து காட்டச் சொன்னேன். கைக்கும் காலுக்கும் எவ்வளவு ஜெபித்திருப்பேன்! இந்த எலும்பு இருப்பதே எனக்குத் தெரியாது.

முதலில் காது மெஷின் கொடுத்தார்கள். உதவியது. ஆனால் குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்ற வேண்டும். ஆபரேஷன் பற்றிக் கேட்டேன். எங்கள் மாதிரி எலும்பில் அது கஷ்டம், பக்கத்து எலும்பு விரிசல் விடலாம், இருக்கிற கேட்கும் சக்தியும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார். இப்படிப்பட்ட காதுகளில் பழக்கமுள்ள ஒருவரிடம் கோலாலம்பூருக்கு அனுப்பினார். சபையே ஜெபித்தது.

இடது காது மரத்துப்போக ஊசி போட்டார்கள், நினைவோடுதான் இருந்தேன். அந்த எலும்பின் இடத்தில் மெல்லிய துண்டு ஒன்றைப் பொருத்திவிட்டு, “கேக்குதா?” என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். கேட்டது. யாரோ தட்டில் கத்தரிக்கோல் வைத்ததும் கேட்டது. அசையக் கூடாது என்பதால் கண்ணீரை வழிய விட்டேன்.

சில நாள் தலை சுற்றியது. காதுக்குள் வைத்த பஞ்சை எடுத்தபின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வலது காதுக்கு இன்னும் மெஷின்தான். ஜாய்சின் காதையும் இப்போது தவறாமல் பரிசோதிக்கிறோம். எங்களைப் போன்ற எலும்பு உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், காதையும் காட்டுங்கள். ஜெபியுங்கள். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். என் தேவன் இரண்டு வழியிலும் எனக்குப் பதில் தந்தார்.

போன வாரம் நான் பாத்திரம் கழுவும்போது ஜாய்ஸ் அறைக்குள்ளிருந்து, காதில் இருக்கிற குட்டி எலும்பும் ஏசப்பாவுக்குத் தெரியுமா என்றாள். அவர்தானே செய்தார் என்றேன்.

“அப்ப ஏன்மா உடையாம செய்யல?”

குழாயை மூடிவிட்டு அவளிடம் போனேன். அவள் கேட்டதில் ஒரு சொல்கூட எனக்குத் தவறவில்லை. அவருக்கே ஸ்தோத்திரம்.