பொத்தான் மாற்றாத மைக்

ஜார்ஜ்டவுன் ஃபிளாட்டில் உட்கார்ந்தபடி, தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை எனக்கு. இருந்த ஒரே ஹெட்செட்டை ஒரு சின்னப் பெட்டி வழியாக அலுவலகக் கணினிக்கும் என் கைப்பேசிக்கும் சேர்த்து மாட்டியிருந்தேன். பெட்டியின் பொத்தானை அழுத்தினால் அலுவலகச் சத்தம் நின்று, கைப்பேசியில் அக்கா குரல் வரும். கணினியில் சூப்பர்வைசர் லைன் மட்டும் நாள் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். கம்பெனி சட்டம்.

ஒரு நாள் சூப்பர்வைசர், "கடைவாய்ப் பல்லு எப்படி இருக்கு?" என்றார். பல்வலியை அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம், கொழுந்தன் நிச்சயதார்த்தத்துக்குப் போக, காய்ச்சல் என்று லீவு கேட்டேன்.

"காய்ச்சலா, நிச்சயதார்த்தமா? சும்மா கேட்டேன் லா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவும் அவரும் சிம்பாங் அம்பாட் ஊரில் ஒரே தாமானில், ஒரே குடியிருப்பில் இருப்பவர்கள். பசார் சந்தையில் அவரைப் பார்த்து அக்கா என் கதையைச் சொல்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"உன் வாய்ல எதுவும் நிக்காதா?" என்று அக்காவிடம் கத்தினேன்.

"அந்த ஆளு மூஞ்சியக்கூட நான் பார்த்ததில்லடி" என்று அழுதாள். நம்பவில்லை. மூன்று வாரம் பேசவில்லை.

பிறகு ஒரு காலை, பொத்தான் கைப்பேசிப் பக்கம் இருக்க, கணவரிடம் பேசும்போதே, கணினித் திரையில் மைக் அடையாளம் என் ஒவ்வொரு சொல்லுக்கும் துள்ளுவதைப் பார்த்தேன். பொத்தான் காதை மட்டும்தான் மாற்றியது. என் பேச்சு இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

ஹெட்செட்டைக் கழற்றாமலே அக்காவை அழைத்தேன்.

"மன்னிச்சிரு, அக்கா. நீ எதுவும் சொல்லல. எல்லாத்தையும் கேட்டவரு இப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

திறந்தே இருக்க வேண்டிய அந்த லைன் பட்டென்று அறுந்தது.