மூன்று தாள்களில் ஒரு கரை

என் மேசையில் அவர் முதன்முதலாகக் கொண்டுவந்து வைத்தது தண்ணீர்க் குழாயின் மூட்டுத் துண்டு ஒன்று. சாம்பல் நிறப் பிளாஸ்டிக், உட்புறம் மரை போட்டது, எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைப்பது. அதன் வாயில் ஒரு பழைய லென்ஸ் இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருந்தது. அவர் அதைத் திருகிக் காட்டினார். லென்ஸ் மெல்ல முன்னால் வந்தது; மறுபுறம் திருக உள்ளே போனது. “கிட்டத்துக்கும் தூரத்துக்கும் இதுதான் சேர். தண்ணி போற வழியால வெளிச்சம் போகட்டுமே,” என்றார். நான் அப்போது ஓர் அரச அலுவலகத்தின் காணிப் பிரிவில் பிரதம இலிகிதர். என் மேசைக்கு வருவன எல்லாம் ஏதாவதொரு விண்ணப்பத்தின் இணைப்பாகவே இருக்கும். பழக்கதோஷத்தில், இதற்கு என்ன இணைப்பு எண் கொடுக்கலாம் என்றுதான் முதலில் யோசித்தேன்.

எல்லாரும் அவரை ஸ்டூடியோ நாநா, அதாவது ஸ்டூடியோ அண்ணன், என்றார்கள். தொண்ணூறாம் ஆண்டு, போரின்போது, முஸ்லிம்கள் மன்னார்க் கரையிலிருந்து துரத்தப்பட்டபோது புத்தளம் வந்தவர்களில் ஒருவர்; அங்கேயும் படம் எடுப்பதுதான் தொழில். பாலாவிச் சந்தியில் ஒரு சிறிய ஸ்டூடியோ வைத்து, அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் முகங்களை எடுத்துக்கொண்டிருந்தார். சீமெந்து லொறிகள் கிளப்பும் தூசி பிலிமில் படியாதிருக்கக் கதவிடுக்கில் ஈரச் சாக்குப் போட்டு வைப்பார். பிறகு கைத்தொலைபேசிகள் வந்தன. தூசிக்குப் பயப்பட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. போர் முடிந்ததும் தன் பழைய ஊரைப் பார்க்கப் போனவர், வீடிருந்த இடத்தில் காட்டைக் கண்டு திரும்பினார். அங்கே ஓர் ஊர் இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று அவரிடம் அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். “முப்பது வருஷம் ஊர்ல எல்லார்ட மொகத்தயும் எடுத்தன் சேர். ஊர எடுக்கல,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை. அனேகமாக ஒரு சுற்றுநிருபத்தின் எண்ணைச் சொல்லியிருப்பேன்.

அவருடைய மகளைக் கற்பிட்டிப் பக்கம் கரைவலைக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். ஸ்டூடியோ படுத்த பின் அவரும் அங்கேயே போய் இருந்தார். கரைவலை போடுவதற்கென்று ஒரு குடும்பத்துக்கு வழிவழியாக உள்ள கரைத்துண்டைப் பாடு என்பார்கள். வள்ளம் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு வரும். அதன் இரு முனைக் கயிறுகளையும் கரையில் எட்ட எட்ட நின்று இரண்டு கூட்டம் இழுக்கும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வரும். நடுவில் உள்ள மணலில் யாரும் நிற்பதில்லை. நிற்கவும் கூடாது, வலை வந்து ஏறும் இடம் அது. போருக்குப் பிறகு அந்தக் கரைகளின் மேல் எல்லாருக்கும் ஆசை வந்தது. மருமகனின் பாட்டையும் அடுத்த நிலத்தையும் சேர்த்து உல்லாச விடுதி ஒன்றுக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் அறிவித்தல் எங்கள் பலகையில் ஒட்டப்பட்டது. வரைபடத்தில் அது பயன்படுத்தப்படாத நிலம். மருமகன் ஆட்சேபனை எழுதிக் கொடுத்தார். அதில் “எங்கள் பாடு” என்று இருந்ததை, வேறு மாவட்டத்திலிருந்து வந்த புது இலிகிதர் ஒருவர் “விண்ணப்பதாரர் தமது கஷ்டங்களைத் தெரிவித்துள்ளார்” என்று சுருக்கி எழுதி வைத்தார். நான் அதை வெட்டித் திருத்தினேன். திருத்தியதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

ஆட்சேபனையோடு மருமகன் கைத்தொலைபேசிப் படங்கள் சிலவற்றைக் கொடுத்திருந்தார். ஒன்றில் பத்துப் பேர் கயிறு இழுக்கிறார்கள். மற்றதில் வேறு பத்துப் பேர். இரண்டும் ஒரே கரைதான் என்பதற்கு அத்தாட்சி இல்லை. இரண்டையும் கணினியில் ஒட்டி மறுபடி கொண்டுவந்தபோது நான்தான் குறிப்பு எழுதினேன்: “ஒட்டுப்படம் ஏற்கப்படமாட்டாது. ஒரே படமாக இருத்தல் வேண்டும். மூலப் பிரதி விசாரணையின்போது காட்டப்படல் வேண்டும்.” உண்மையில் அது கதவைச் சாத்துவதற்கான ஒரு வசனம். என் உத்தியோக காலத்தில் அப்படிப் பல வசனங்கள் எழுதியிருக்கிறேன், எல்லாம் இலக்கணச் சுத்தமானவை. அந்த வசனத்தை ஒருவர் சொல்லுக்குச் சொல் நம்பிவிடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு நாளில் நாநா வந்தார். “ஒரே படமா, பிலிம்ல எடுத்து, நெகட்டிவயும் காட்டினா ஏத்துக்குவீங்களா?”

“விதியில அப்பிடித்தான் இருக்கு.”

“கமெரா கடையில வாங்கினதா இருக்கணும் எண்டு விதி இரிக்கா?”

“அப்பிடி ஒண்டும் இல்ல.”

“அல்லாஹ் காப்பாத்தினான். அதுக்கும் ஒரு விதி எழுதிப் போடாதீங்க சேர்.”

சிலாபத்தில் மூடிப்போன ஒரு ஸ்டூடியோவின் மரக் கமெராவிலிருந்து அகலக்கோண லென்ஸ் கிடைத்தது; அதைத்தான் குழாய் மூட்டில் பொருத்தி முதலில் என் மேசைக்குக் கொண்டுவந்தார். அதன் ஷட்டர் மூடியில் வேகங்கள் எல்லாம் உப்புக் காற்றில் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயில் கழுவியதில் ஒன்றே ஒன்று உயிர் பெற்றது. உடைந்த இரண்டு கமெராக்களிலிருந்து பிலிம் சுற்றும் திருகுகளைக் கழற்றினார். உடலை வள்ளக்காரர் மிச்சம் வைத்த ஒட்டுப்பலகையில் அறுத்தார். வெளிச்சம் புகாமலிருக்க மகளின் பழைய கறுப்பு அபாயாவை வெட்டி உட்புறமெங்கும் ஒட்டினார். குவியம் பார்ப்பதற்கான மங்கல் கண்ணாடியை, எஞ்சின் வால்வு தேய்க்கும் பசை போட்டு மூன்று நாள் தேய்த்து உண்டாக்கினார். மூன்று படத்தின் நீளம் ஒரே படமாக விழும் பெட்டி அது. ஒரு சுருளில் நான்குதான் எடுக்கலாம். அவரிடம் காலாவதியான சுருள்கள் இரண்டே இருந்தன. முதலாவது முழுவதும் புகைந்து போயிற்று. எங்கோ ஒரு மூலையில் ஊசிமுனை அளவு ஒளி புகுந்திருக்கிறது. ஆட்சேபனைக் காலம் முடிய ஒரு கிழமை இருந்தது. அன்று அவர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, கழுவிய அந்தக் கறுத்த சுருளை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். “இந்தத் தடவயும் போனா மகளுக்கு நான் என்னத்தச் சொல்ற?” என்றார். நான் கால நீடிப்புக்கு விண்ணப்பிக்கும் படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அதற்கு ஒரு மாதம் எடுக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

படமெடுத்த காலை நானும் போயிருந்தேன். விடுமுறை நாள், கடல் வாங்கி அமைதியாகக் கிடந்தது. இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு மேல் பலகை போட்டு, அதன் மேல் பெட்டியைக் கயிற்றால் கட்டி, மேசன்மார் வைத்திருக்கும் ரசமட்டத்தை அதன் தலையில் வைத்திருந்தார். கடல் கோடு கோணினால் படமே கோணிவிடுமாம். இழுக்கிறவர்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்களா?

“நாநா, இது கமெராவா, புறாக்கூடா?”

“புறாக்கூடுதான்டா. அசையாம நில்லு, முட்ட போடும்.”

முதல் படத்துக்கு எல்லாரும் திரும்பி நின்று தலை வாரிக்கொண்டார்கள். கயிறு தொய்ந்தது. இழுப்பை நடத்தும் மண்டாடி கத்தினார்: “கலியாணப் படமா எடுக்கிறாங்க? இழுங்கடா, மீன் போகுது.” நாநா பீப்பாய் மேலிருந்து கெஞ்சினார்: “என்னப் பாக்காதீங்க வாப்பா. மொகம் தேவல்ல, முதுகு போதும்.” இரண்டாவது, மூன்றாவது படங்களுக்குள் கூட்டங்கள் நெருங்கத் தொடங்கிவிட்டன. நெருங்கிவிட்டால் பாட்டின் அகலம் படத்தில் இராது. வலையை மறுபடி விடச் சொல்லிவிட்டு, நான்காவதற்காகக் காத்திருந்தார். இரண்டு கயிறுகளும் எட்ட எட்ட இறுகி நின்ற கணத்தில் மூடியைத் தட்டினார். பிறகு பலகை மேலேயே குந்திக்கொண்டு, முகத்தைக் கைகளில் புதைத்தார்.

அந்த நான்காவது படம் விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கும் கருவி அவரிடம் இல்லை. அதே பெட்டிக்குள் நெகட்டிவை வைத்து, பின்னால் விளக்குப் போட்டு, சுவரில் ஒட்டிய தாளின் மேல் விழச் செய்து கழுவினார். இரண்டடி நீளம். ஓரங்கள் சற்று இருண்டிருந்தன. இடப்பக்கம் ஒரு கூட்டம், வலப்பக்கம் ஒரு கூட்டம், கயிறுகள் இரண்டும் சாய்ந்தோடிக் கடலுக்குள் போகின்றன. பார்க்கிற எவருக்கும் அந்தக் கரை முழுவதும் ஒரே வேலையில் இருப்பது தெரியும். ஆட்சேபனைக் காலம் முடிய ஒரு நாள் இருக்கக் கொண்டுவந்தார். நான் திகதி முத்திரை குத்தி ஏற்றுக்கொண்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அந்தப் படம் எங்கள் கோவைக்குள், தாள்களைக் கட்டி வைக்கும் கோப்புக்குள், அடங்கவில்லை. மடித்தால் வெடிக்கும். கோவைக்கு வெளியே வைத்தால் தொலையும். எங்கள் அலுவலகத்தில் வெளியே வைத்தவை தொலைந்த வரலாறு எனக்குத் தெரியும். ஆகவே அதைப் பாதுகாக்க எண்ணினேன். இரும்பு அடிமட்டத்தையும் புது பிளேட்டையும் எடுத்து, மூன்று சம துண்டுகளாக வெட்டி, மூன்று தாள்களில் ஒட்டி, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று எண் போட்டேன். ஓரங்கள் நேராக வரவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வெட்டிலும் ஒரு விரல் அகலம் கழித்து எறிந்தேன். முப்பத்தாறு வருட சேவையில் இவ்வளவு துப்புரவாக நான் எதையும் செய்ததில்லை.

விசாரணையில் நான் செயலாளர். தலைவர் கோவையைப் புரட்டினார். நாற்பத்தொன்றில் பத்துப் பேர். நாற்பத்துமூன்றில் வேறு பத்துப் பேர். நாற்பத்திரண்டில் கடல், மணல், ஒரு காகம். அதை உயர்த்திப் பிடித்தார். “இதில ஒருத்தரும் இல்லையே. நிலம் சும்மாதான் கிடக்குது எண்டு நீங்களே படம் பிடிச்சுத் தந்திருக்கிறீங்க.” நாநா முன்னால் வந்து, மூன்று தாள்களையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தார். நான் கழித்த விரல் அகலங்களில், கயிறுகள் கடலுக்குள் இறங்கும் இடங்கள் காணாமல் போயிருந்தன. அவர் சட்டைப் பையிலிருந்து நெகட்டிவை எடுத்தார். தலைவர் அதை யன்னல் பக்கம் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இது கறுப்பா இருக்குது. மூலம் ஒப்பிட்டுப் பார்க்கத்தான். தீர்ப்புக்குக் கோவையில உள்ளதுதான் கணக்கு. விதி அப்பிடித்தானே, செயலாளர்?”

ஒரு குறிப்பு எழுதியிருக்கலாம். தாள்கள் மூன்றும் ஒரே படம், கோவைக்கு அடங்காததால் என்னால் வெட்டப்பட்டது என்று. விதியில் அதற்கு இடமுண்டு, பந்தியும் எனக்கு மனப்பாடம். ஆனால் சமர்ப்பிக்கப்பட்ட ஆவணத்தைச் சேதப்படுத்துவது பற்றிய பந்தியும் மனப்பாடம். நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது; ஒழுக்காற்று விசாரணை வந்தால் பென்ஷன் நின்றுவிடும்.

“ஓம் சேர்,” என்றேன்.

வெளியே விறாந்தையில் நாநா எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும். “நேராத்தான் சேர் வெட்டியிருக்கிறீங்க,” என்றார். அவ்வளவுதான். மருமகன் அவர் கையைப் பிடித்து, பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப் போனார்.

பாட்டின் வடக்குப் பாதி விடுதிக்குப் போயிற்று. தெற்குப் பாதியை இவர்களுக்கே விட்டார்கள். தீர்ப்பில் அதை மனிதாபிமானம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வசனத்தையும் நான்தான் சுத்தப் பிரதி எடுத்தேன். கரைவலையை ஒரு கயிற்றால் இழுக்க முடியாது என்பதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. மருமகன் இப்போது உப்பளத்தில் வேலை செய்கிறார். வலையை என்ன செய்தார்கள் என்று விசாரிக்க எனக்குத் துணிவில்லை.

சென்ற வருடம் புத்தளம் பஸ் நிலையத்தில் நாநாவைக் கண்டேன். கண்பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்துத்தான் என்னை அறிந்தார். மகள் சுகம், பேரன்மார் படிக்கிறார்கள் என்றார். பஸ் புறப்படும்போது, குத்தல் துளியுமின்றி, வயதானவர்கள் ஒருவரையொருவர் கேட்கிற மாதிரி, “பென்ஷன் ஒழுங்கா வருதா சேர்?” என்று கேட்டார்.

“ஓம்,” என்றேன்.