பீங்கான் முட்டையும் இரண்டு ஜாதிப் புறாவும்

பிள்ளை இல்லாத புருஷன் பெண்டாட்டிக்குச் சண்டை போடவும் ஏதாவது ஒன்று வேண்டும். எங்களுக்குப் புறா. எங்கள் பொம்மைப் பட்டறை வாசலில் மருதாணிச் செடியில் புள்ளிப்புறா. உள்ளே கூரையின் இரும்புச் சட்டத்தில் மாடப்புறா. புள்ளிப்புறாவுக்குக் கழுத்தில் எள் தூவியது போலப் புள்ளி, அடக்கமான குரல், புது மருமகளின் பவிசு. நாலு குச்சியை வைத்து அதைக் கூடு என்று சொல்லும் துணிச்சலும் உண்டு. நான் அதன் கட்சி. மாடப்புறா கும்பலாக வரும், நாள் முழுக்க அனத்தும், கொலுவுக்காகக் காயவைத்த பச்சைப் பொம்மைகளின் தலையில் எச்சமிடும். பிள்ளையாரைக்கூட விட்டுவைக்காது.

என் வீட்டுக்காரர் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். மாடப்புறா முட்டையில் அச்செடுத்து, பீங்கானில் முட்டை வார்த்து, நிஜ முட்டையை எடுத்துவிட்டு அதை வைப்பது. புறா ஏமாந்து உட்காரும், குஞ்சு வராது, கும்பல் பெருகாது. சூளையில் வெந்தால் மண் சுருங்கும் என்பது விருத்தாசலத்தில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். இவர் மறந்துவிட்டார். முட்டைகள் சுண்டிப்போய் வெளியே வந்தன.

"வுடு, புள்ளிப்புறாவுக்குச் சரியா இருக்கும்," என்று சமாளித்து, மாடப்புறாவுக்கு இரண்டு வைத்தது போக மருதாணிச் செடியிலும் ஒன்றை வைத்தார்.

புள்ளிப்புறா வந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, போயே போய்விட்டது. மறுநாளே பக்கத்துப் பட்டறையில் புதுக் குடித்தனம். மாடப்புறா உட்கார்ந்துவிட்டது. பொரிக்க வேண்டிய நாள் கடந்தும், ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாத்தன.

திட்டக்குடியிலிருந்து வரும் நாத்தனார் முதல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி வரை என் வயிற்றைத்தான் முதலில் நலம் விசாரிப்பார்கள். சிரித்துச் சமாளித்துப் பழகிவிட்டது. ஆனால் ஒருநாள் இவர் மேலே பார்த்து, "இன்னுமா ஒக்காந்திருக்குது? சரியான லூசுப் புறா," என்று சிரித்தபோது எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஏணி போட்டு ஏறினேன். புறா கையைக் கொத்தியது. இரண்டு முட்டையையும் பிடுங்கித் தரையில் அடித்தேன். சனியன், உடையவில்லை. டங்கென்று எகிறி அவர் காலடியில் போய் நின்றன.

"பாத்தியா, எப்படி வெந்திருக்குது!" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வந்து, இறங்கி நின்ற என் கையில் கொடுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, ஒரு முட்டையை உருளாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.